திங்கட்கிழமை மலை

ஞாயிறு முழுக்க ஆட்களைக் கம்பியில் கொளுவி விடுகிறேன்.
இடுப்பில் ஒரு வார், தொடையில் இரண்டு.
கால மடக்குங்க, கைய விட்டுறாதீங்க.
மூன்று மொழியில் அதே வாக்கியம்.
கம்பி சீறும். அலறல் பள்ளத்தைத் தாண்டும்.
நாற்பத்தொரு செக்கன்.
அக்கரையில் சந்தமாலி அவிழ்த்து விடுவாள்.
தலைக்கவசம் மட்டும் திரும்பி வரும்,
யாருடையதோ தேங்காயெண்ணெய் வாசத்தோடு
அடுத்த தலைக்கு.

வரிசை கென்டீன் வரை.
ஹப்புத்தளையில் மூட்டம் இறங்கினால்
காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்,
ஒன்றும் தெரியலையாம்.
மனேஜர் பலகை மாட்டினார்:
மேகத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

போன ஜனவரியில் ஓர் ஒஸ்திரியாக்காரன்.
நிறை பார்த்து, வார் இறுக்கி, தள்ளிவிடும் நேரம்
கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.
அவன் ஊரிலும் கம்பிதானாம்.
நாற்காலியில் குந்திப் பனிமலை உச்சிக்குப் போய்
சறுக்கி இறங்கி, வரிசையில் நின்று,
திரும்பவும் நாற்காலி.
இப்போது நிறையப் பேர் அதில் ஏறுவதில்லை என்றான்.
சறுக்குப் பலகைக்கு அடியில் ரோமத்தோல் ஒட்டி
(முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காது)
நான்கு மணித்தியாலம் நடந்தே ஏறுவார்களாம்.
இறங்க?
பத்து நிமிசம்.
சிரித்துவிட்டேன்.
அவனைத் தள்ளிவிட்ட பிறகு சிரிப்பு நின்றது.

ஏனென்றால் திங்கள் எங்களுக்கு லீவு.
நானும் சந்தமாலியும், பொய்லரில் வேலைசெய்யும் கிருபாகரனும்
டிக்கட் கவுன்டருக்குப் பின்னால் ஏறுகிறோம்.
காடாய்ப் போன பதினோராம் நம்பர் மலை.
கவ்வாத்துக் கத்தியை மறந்த தேயிலை
மரமாகி, வெள்ளையாய்ப் பூத்து நிற்கும்.
அதற்கு மேலே மானாப்புல்.
புல் சாய்ந்த பக்கம் பாதை;
செவ்வாய்க்குள் அதுவும் நிமிர்ந்துவிடும்.
அட்டைக்குச் சவர்க்காரம், மூன்று பேருக்கு நாலு ரொட்டி,
கட்டச்சம்பல், ஏற ஏறக் குறையும் பேச்சு.

அம்மா கேட்டாள்:
ஆறு நாளும் நான் கொழுந்தெடுக்க ஏறுற மலையில
நீ லீவுக்கு ஏறுறியா? பேர் போடுறது யாரு?
பதிலுக்குக் காத்திராமல்
இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒஸ்திரியாக்காரன் இன்னொன்றும் சொன்னான்.
ஏறுமுன் பனியில் குழி வெட்டி
படைபடையாய் விரலால் குத்திப் பார்ப்பார்களாம்,
எந்தப் படை எதைப் பிடிக்காமல் கிடக்கிறதென்று.
எங்களுக்கு மண்.

மூன்று நாள் ஐப்பசி மழை விட்ட ஒரு திங்கள்.
உச்சி, கூப்பிடு தூரம்.
ஊற்றுத் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
சந்தமாலி நின்றாள்.
புல்லுக்குள் ஒரு வெடிப்பு,
என் சப்பாத்து நுழையும் அகலம்.
கீழே ஒரு சவுக்கு, வெறிக்குட்டிபோல் சாய்ந்து.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கிருபாகரன் முதலில் திரும்பினான்.
இறங்கி, பணிய லயத்துக் கதவுகளைத் தட்டினோம்.
பதினேழு குடும்பம் கோயில் மண்டபத்தில் படுத்தது.
மலை வரவில்லை.
தூக்கம் கெட்டதற்குச் சிலர் ஏசினார்கள்.
வெடிப்பு இப்போது முழங்கை ஆழம்.

இந்த சீசனில் கவுன்டரில் கேட்கிறார்கள்:
கம்பி வேணாம், பின்பக்கத்து மலைக்கு எவ்வளவு?
மனேஜர் புதுப் பலகை அடித்து வைத்திருக்கிறார்,
இயற்கைப் பாதை, ஆறாயிரம்.
என்னிடம் படம் வரைந்து தரச் சொன்னார்.
மழ பெஞ்சா பாதியில திரும்புவோம்,
அதையும் எழுதுவீங்களா சேர்?
பேனையை மூடினார்.
உச்சி இல்லாட்டிக் காச கேப்பாங்களேப்பா.

செவ்வாய்க்கிழமை.
முதல் ஆள், கொழும்பு டீச்சர் ஒருவர்.
குனிந்து தொடை வாரை இறுக்கும்போது
என் வெள்ளை மேஸில் இரத்தம் கசிவதைப் பார்த்துவிட்டார்.
ஐயோ தம்பி, என்னது?
அட்டைக்கடி என்று சொல்லியிருக்கலாம்.
நேத்து, என்றேன்.
தள்ளிவிட்டேன்.